ஸ்டேக் இல்லாத பக்கம்

திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் புரூப் பார்க்கிறவர் ஊர்க்காவலன். ஐம்பத்தாறு வயது. பட்டாசு லேபிளோ கல்யாணப் பத்திரிகையோ, அவர் கண்ணுக்குத் தப்பி ஓர் எழுத்துப்பிழை வெளியே போனதில்லை. எட்டு வருஷமாகப் பெங்களூரில் உள்ள ஒரு பெரிய ஸ்டேக் ஹவுசின் மெனு கார்டும் அவர் கையைத் தாண்டித்தான் போகிறது. மாட்டிறைச்சியைத் தடிமனாக வெட்டி நெருப்பில் வாட்டித் தருகிற ஓட்டல் அது. அவருக்கு அந்த இறைச்சி பழக்கமில்லை. ஆனால் கார்டிலுள்ள அத்தனை பெயர்களும் ஸ்பெல்லிங்கோடு மனப்பாடம்.

அவர் மனைவி சோலையம்மாளுக்கு அதே அச்சகத்தில் பைண்டிங் வேலை. அந்தக் கார்டுகளை மடித்து அடுக்குகிறவள் அவள்தான். படமே இல்லாத கார்டு. சாயங்காலம் பைக்கில் வீடு திரும்பும்போது பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"வெட்ஜ் சாலட்டுனு போட்டிருக்கே, அது என்னதுங்க?"

"ஆப்பு மாதிரி வெட்டுனதாம்."

"அப்ப முட்டைக்கோசை நாலா வெட்டி அப்படியே தூக்கி வச்சிருவாக. அதுக்கு இம்புட்டுப் பேரா!"

"கீரையில பாலை விட்டுச் செய்யுதது ஒண்ணு இருக்கு, பாத்தியா?"

"போங்க. பாலை ஊத்துனா திரிஞ்சுல்ல போகும்? என்னத்தையாவது சொல்லாதீக."

பிள்ளையில்லாத இருவருக்கும் வீடு வந்து சேரும்வரை அதுதான் பேச்சு. சில நாள் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திய பிறகும் முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் சோலையம்மாளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முற்றிய பிறகுதான் தெரிந்தது. பதினோராம் நாள் போய்விட்டாள். அதன்பின் ஊர்க்காவலன் பைக்கை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்வர ஆரம்பித்தார்.

இந்த ஆனியில் முதலாளி மணிகண்டராஜ் அவரைக் கூப்பிட்டார். "அண்ணே, பெங்களூர்ல ஸ்டேக் ஹவுஸ்காரவுக புதுக் கிளை திறக்காக. கார்டை லாரியில போட்டா நேரத்துக்குச் சேராது. நீங்களே ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க."

இரண்டு அட்டைப்பெட்டிகளோடு மறுநாள் காலை போய் இறங்கினார். ஓட்டல் மேனேஜர் ஓசூர்க்கார அம்மா. கார்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா ஒரு தப்புகூட வந்ததில்லை. பார்க்கிறது நீங்கதானா? சாப்பிடாமப் போகக் கூடாது சார்" என்றார்.

இரண்டு பேருக்கான மேசையில் உட்கார வைத்தார்கள். எதிர்ப்பக்கம் இருந்த தட்டையும் கத்தியையும் கண்ணாடித் தம்ளரையும் சர்வர் எடுத்துக்கொண்டு போனார். அது பாட்டுக்கு இருக்கட்டுமே என்று சொல்ல நினைத்தார். மெனு கார்டைக் கையில் எடுத்தார்.

ஸ்டேக் பக்கத்தைத் தள்ளி அடுத்த பக்கத்துக்கு வந்தார். பெயர்களை எழுத்து எழுத்தாகத் தெரியுமே தவிர, அவற்றைச் சரியாகத்தான் உச்சரிக்கிறோமா என்று தெரியாது. விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

முதலில் சாலட் வந்தது. கோஸ் மாதிரி ஒரு வெளிர்பச்சைக் கீரை உருண்டை. அதை நாலாக வெட்டியதில் ஒரு துண்டு, வெள்ளைக் குழம்பு ஊற்றி, அப்படியே தட்டில். ஊர்க்காவலன் சத்தமாகச் சிரித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏ சோலை" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கத்தியை எடுத்தார்.

அடுத்து கீரை. பால் திரியவில்லை. வெண்ணெயும் ஜாதிக்காயும் மணக்க, குழைவாக இருந்தது. நாலு வாயோடு ஸ்பூனை வைத்துவிட்டார்.

மேனேஜரம்மா வந்து பார்த்தார். "பிடிக்கலையா சார்?"

"நல்லா இருக்கும்மா. எங்க வீட்ல இதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பா, எப்படி இருக்கும் எப்படி இருக்கும்னு."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்ன, அவங்களுக்கும் கட்டித் தரச் சொல்றேன். கொண்டுபோய்க் குடுங்க."

அவள் இப்போது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகம் வாடும். பிறகு ஆறுதல் வார்த்தைகள் வரும். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். "ரொம்ப சந்தோசம்மா" என்று பையை வாங்கிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஊர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பையைப் பிரித்தார். சோலையம்மாளுக்கென்று கட்டிக் கொடுத்ததைக் குப்பையில் போட மனசு வரவில்லை. ஊர் போய்ச் சேர்வதற்குள் கெட்டும் போகும். சுற்றிலும் கன்னடத்தில் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். பசியே இல்லாமல், அவசரப்படாமல், ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் அத்தனையையும் சாப்பிட்டு முடித்தார்.

"சாப்பாடெல்லாம் எப்படிண்ணே?" என்று மறுநாள் அச்சகத்தில் முதலாளி கேட்டார்.

"நல்லா இருந்துச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுப் புரூப்பை எடுத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறுகிறார். இதுவரை நுழையாத ஓட்டலாகப் பார்த்து நுழைந்து, என்னவென்று தெரியாத ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். வாசலிலேயே எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். முதல் இரண்டு மாதம் ஒரு விரலைத்தான் காட்டினார். போன மாதம் "ஒருத்தர்தான்" என்று வாய்விட்டே சொன்னார்.