சேவியர் சொன்ன ரேட்

சேவியர் இறந்துபோனதை எனக்கு முதலில் சொன்னவன் ஓர் ஏஜெண்டு. கம்பெனிகளுக்கு ஒப்பந்த ஆள் பிடித்துக் கொடுப்பவன். செவ்வாய்க்கிழமை காலை, ஜொகூர் பாரு பக்கம் மாசாயில் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பாஸ், ஃப்ரீயா இருக்கீங்களா? கூலாய் பக்கம் டேட்டா சென்டர் சைட். புராஜெக்ட் மேனேஜர் வேலை. உடனே சேரணும்."

"அங்க நம்ம சேவியர்தானே இருக்காரு? அவரத் தூக்கிட்டீங்களா?"

"இல்ல பாஸ். அவரு நேத்து சாயங்காலம் தவறிட்டாரு, ஹார்ட் அட்டாக். அதான் அவசரமா ஆள் தேடுறோம். சி.வி.ய மத்தியானத்துக்குள்ள அனுப்பிருங்க லா."

பாவம் என்ற ஒரு வார்த்தை இல்லை. உடல் இன்னும் பொந்தியான் ஊரில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்து சேரவில்லை, அதற்குள் அவர் நாற்காலிக்கு ஆள் கூப்பிடுகிறான். நான் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் திட்டி முடித்துவிட்டு நான் போனை வைக்கவில்லை. எனக்கு நான்கு மாதமாக வேலை இல்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். சொன்ன வாயை அங்கேயே கழுவ வேண்டும் போலிருந்தது.

சேவியரைத் தெரிந்த உங்களுக்கு அவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் பிழைப்பைத் தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு வரி. நாங்கள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத புராஜெக்ட் மேனேஜர்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒப்பந்தம். கம்பெனி ஏஜெண்டுக்குப் பணம் கட்டும், ஏஜெண்டு தன் பங்கை எடுத்துக்கொண்டு எங்களுக்கு நாளுக்கு இவ்வளவு ரேட் என்று தருவான். அவன் பங்கு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் அவனுக்குக் காது கேட்காது. "நாமெல்லாம் டை கட்டின நாள்கூலி பாய்" என்பார் சேவியர். நான் முஸ்லிம் என்பதால் அவருக்கு நான் கடைசிவரை பாய்தான்.

நாங்கள் முதலில் சந்தித்தது ஜொகூர் பாருவில் ஒரு கம்பெனியின் வரவேற்பறையில். என்னிடம் என் ஏஜெண்டு, "உங்க ஒருத்தரத்தான் செலக்ட் பண்ணியிருக்காங்க, சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குப் பேசுவாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தான். அங்கே போனால் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் மடியிலும் ஒரு ஃபைல். கட்டைக்குட்டையாக, மீசையை முறுக்கிவிட்ட ஒருவர் எழுந்து நின்று, "யாருக்கெல்லாம் பத்து மணி இன்டர்வியூ? கைய தூக்குங்க" என்றார். ஏழு கையும் மேலே போனது. "அலமாக்! எனக்கும் பத்து மணிதான். ஒரே பொண்ணுக்கு எட்டு மாப்பிள்ளைய வரச் சொல்லியிருக்கானுங்க" என்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து சத்தம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வேலை எட்டுப் பேரில் யாருக்கும் கிடைக்கவில்லை.

அன்று எட்டுப் பேரையும் அவர்தான் பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போய் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் வழக்கம் அந்த மேசையில் பிறந்தது. "ஏஜெண்டு ரேட் கேட்டான்னா, வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் போன் அடிச்சுக்கணும். யாரு எவ்ளோ வாங்குறோம், எந்த இடத்துக்குக் கேக்குறான், எல்லாத்தையும் சொல்லணும். ஒருத்தனும் எறங்கக் கூடாது." அப்படியே செய்தோம். ஆண்டுக்கணக்காகச் செய்தோம். இருந்தும் ரேட் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. "இன்னொருத்தர் கம்மிக்கு ரெடியா இருக்காரு பாஸ்" என்று ஒவ்வொரு முறையும் ஏஜெண்டு சொல்வான். சேவியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பொய் லா பாய். புளுகுறான். நம்ம ஆளுங்க யாரும் எறங்கல, எனக்குத் தெரியும்" என்பார். நாங்கள் அவரை நம்பினோம்.

கோபம் என்றதும் அவர் சி.வி. சமாச்சாரம் நினைவுக்கு வருகிறது. ஓர் ஏஜெண்டு அவருடைய சி.வி.யில் அவரைக் கேட்காமலே சிங்கப்பூரில் மருத்துவமனை கட்டியதாக ஒரு பத்தியைச் சேர்த்து அனுப்பிவிட்டான். இன்டர்வியூவில் கேட்டார்கள். வேறு யாராவது என்றால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்கள். நான் நிச்சயம் சமாளித்திருப்பேன். சேவியர், "அது நான் செஞ்சதில்ல, ஏஜெண்டு எழுதினது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நேராக ஏஜெண்டு ஆபீசுக்குப் போய், நடு ஹாலில் நின்று, தன் சி.வி.யை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். நானும் கூட இருந்தேன். "என் வாழ்க்கைய நான் எழுதித்தானே குடுத்தேன்? நீ எதுக்குய்யா கதை எழுதுற?" அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் கம்ப்யூட்டரை விட்டு முகத்தை எடுக்கவில்லை. அதன்பிறகு அந்த ஆபீசிலிருந்து எங்கள் இருவருக்குமே எட்டு மாதம் ஓர் அழைப்பும் வரவில்லை.

போன மாதம் டாக்டர் அவரை ஆஞ்சியோ எடுக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எங்களுக்கு மருத்துவ விடுப்பு என்று ஒன்று கிடையாது. போகாத நாளுக்குக் காசும் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். "இப்பப் போய் லீவு போட்டா க்ளையண்ட் வேற மாதிரி நெனைப்பான் பாஸ்" என்று ஏஜெண்டு சொன்னானாம். செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் போட்ட அதே ஏஜெண்டு. சேவியர் என்னிடம், "கையெழுத்து ஆகட்டும் பாய், அப்புறம் போய் படுத்துக்குறேன்" என்றார். நானும் சரி என்றேன். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறோம் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆனது. திங்கட்கிழமை சாயங்காலம் சைட் கார் பார்க்கில் விழுந்தார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும், அவர் மனைவி மேரி ஒரு பிளாஸ்டிக் ஃபைலை என்னிடம் கொடுத்தார். "அண்ணே, எனக்கு இந்த இங்கிலீசு புரியல. இன்சூரன்ஸ் மாதிரி அவருக்கு ஏதாச்சும் போட்டிருக்கான்னு பாருங்க." பார்த்தேன். ஒன்றுமில்லை. தானே சொந்தமாகத் தொழில் செய்பவர், ஊழியர் அல்ல என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. கூடவே, லேப்டாப்பையும் சைட் பாஸையும் ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ஏஜெண்டு ஆபீசிலிருந்து ஒரு கடிதம். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அங்கே அவருடைய ரேட் இருந்தது.

எங்கள் எல்லாரிடமும் சேவியர் சொன்ன ரேட் நாளுக்குத் தொள்ளாயிரம் மலேசிய வெள்ளி. காகிதத்தில் இருந்தது எழுநூற்றிருபது. ஃபைலில் பழைய ஒப்பந்தங்களும் இருந்தன. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் எங்களுக்குப் போன் அடித்து, "நான் எறங்கல பாய், நீங்களும் எறங்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? அவர் பெட்டியில் படுத்திருந்தபோது இது தெரிந்திருந்தால் அவரை உலுக்கி எழுப்பிக் கேட்டிருப்பேன். ஏன்யா எங்களிடம் மறைத்தாய்? எங்களிடம் என்ன வெட்கம்? மேரி, "என்னண்ணே, ஏதும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். "இல்லம்மா" என்று ஃபைலை மூடிக் கொடுத்தேன்.

மறுநாள் ஏஜெண்டு மறுபடி அழைத்தான். "பாஸ், அறுநூத்தம்பது. அதுக்கு மேல க்ளையண்ட் ஏற மாட்டான். இன்னொருத்தர் ரெடியா இருக்காரு."

சேவியர் இருந்திருந்தால் பொய் என்று கத்தியிருப்பார். பொய் இல்லை, சேவியர். அவன் சொன்னது பல தடவை உண்மைதான். நான் பேரம் பேசியபோது கம்மிக்கு ரெடியாக இருந்த அந்த இன்னொருத்தர் நீங்கள். நீங்கள் பேரம் பேசியபோது அது நான்.

ஆமாம், நானும்தான். எண்ணூற்றைம்பது வாங்குகிறேன் என்று அவரிடம் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சொல்லக் கூசியது. அவர் தொள்ளாயிரத்தில் நிற்கும்போது நான் மட்டும் இறங்கினேன் என்று எப்படிச் சொல்வேன்? நான் எண்ணூற்றைம்பதில் நிற்கும்போது தான் மட்டும் இறங்கினதாக அவரும் நினைத்திருப்பார். நாங்கள் இருவரும் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம், அவன் எங்கள் இருவரையும் அறுத்துக்கொண்டிருந்தான்.

ஏஜெண்டிடம் தொள்ளாயிரம் என்றேன். சிரித்தான். "அந்த ரேட்டு இப்ப யாரும் வாங்குறதில்ல பாஸ்" என்று வைத்துவிட்டான். என் மனைவி இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கடன் கட்ட வேண்டியவள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை அந்த நாற்காலியில் யாரோ உட்காரப்போகிறார்கள். அது உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். சண்டைக்கு வர மாட்டேன், சத்தியமாக.

சேவியரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது நடு ஹாலில் நின்று உரக்கப் படித்த அந்தக் கோபத்தை மட்டும்தான். கடைசியில் அவர் எங்களிடமிருந்து ஒளித்த வெட்கம் எனக்கு வேண்டாம், அது அவரோடு போகட்டும்.

என் பெயர் காதர். கடைசியாக நான் வாங்கியது நாளுக்கு அறுநூற்றெண்பது வெள்ளி. நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்?