மூன்றாம் மாடி ஐயா

அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் புத்தி எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அதற்கு ஒரு பட்டமும் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு விடுவேனா? கம்பஸில் சமூகவியல் எடுத்தேன். கடைசி வருடம் ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது, நாங்கள் குடியிருக்கும் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியையே எழுதிக் கொடுத்தேன். ஒரே கட்டடத்தில் இருபத்து நான்கு வீடுகள். அங்கே யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான் விஷயம்.

"ஊரெல்லாம் விட்டுட்டு எங்கட கட்டடம்தான் கிடைச்சுதோ உனக்கு?" என்று அம்மா கேட்டார்.

சோம்பலும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் நண்பிகள் மன்னாருக்கும் மலையகத்துக்கும் பஸ்ஸில் இடிபட்டுப் போய் வந்தார்கள். எனக்கு வீட்டுச் செருப்போடு லிஃப்டில் ஏறி இறங்கினால் போதும். தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர், இரண்டாம் மாடி அங்கிள், ஒரு நிபந்தனையோடு அனுமதி தந்தார். பைண்ட் பண்ணிய பிரதி ஒன்று தனக்கும் வேண்டுமாம். "சும்மா வாசிச்சுப் பாக்கத்தான்" என்றார். அவருக்கும் என் புத்திதான்.

கேள்விப் படிவத்தோடு போனேன். எங்கள் வீட்டையும் சேர்த்துப் பதினேழு வீடுகள் கதவு திறந்தன. ஆறாம் மாடியில் ஓர் அக்கா இரண்டு மணி நேரம் தன் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார். நாலாம் மாடி முஸ்லிம் குடும்பத்தில் முதல் கேள்விக்கே இனிப்பாக வட்டிலாப்பம் வந்துவிட்டது. எல்லாருக்கும் தண்ணீர் மோட்டரைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. கடைசிக் கேள்விக்குத்தான் எல்லாரும் தயங்கினார்கள். வீட்டில் திடீரென்று ஓர் ஆபத்து என்றால் முதலில் யாருடைய கதவைத் தட்டுவீர்கள் என்று கேட்டிருந்தேன். சிலர் மேலே பார்த்தார்கள், சிலர் சுவரைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் படியேறினேன் என்று சொல்லலாம்.

ஏழு வீடுகள் திறக்கவேயில்லை. இந்த ஊரில் தாளும் பேனையுமாக வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பவர்களுக்கு எல்லாரும் சந்தோஷமாகக் கதவு திறப்பதில்லை. கலவரமும் போரும் தந்த அந்தக் காரணங்கள் என் வயதைவிட மூத்தவை. அது எனக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனால் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வருடத்துப் பட்ச் போட்டோவுக்கு என்ன நிறத்தில் சேலை கட்டுவது என்று வாட்ஸ்அப்பில் சண்டை தொடங்கிவிட்டது. கனடாவிலிருந்து மாமா ஒவ்வொரு ஞாயிறும் "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். ஒரு நிறுவனத்தில், பட்டம் கிடைத்ததும் வந்து சேரலாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா பட்டமளிப்புக்குச் சேலையே வாங்கி வைத்துவிட்டார். இருபத்து நான்கு படிவமும் இல்லாமல் ஆய்வை ஏற்க மாட்டோம் என்று மேற்பார்வையாளர் மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஆகவே மிச்சம் ஏழையும் நானே நிரப்பினேன்.

சும்மா நிரப்பவில்லை. அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் கிடக்கும் செருப்புகளை எண்ணி, அளவு பார்த்து, யார் யார் இருப்பார்கள் என்று கணித்தேன். அந்தக் கணிப்பில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் மாடி மூலை வீட்டில் ஒரே ஒரு சோடிதான். பெரிய ஆம்பிளைச் செருப்பு, மண்ணிறம், பழசு, ஆனால் சுத்தம். எப்போதும் வெளியே பார்த்தபடி நேராக வைக்கப்பட்டிருக்கும். (மாடியையும் நிறத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.) ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தர், அறுபத்தைந்து வயது, மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில் என்று எழுதினேன். கடைசிக் கேள்விக்கு அவர் இப்படிப் பதில் சொன்னார்: "நான் எவருடைய கதவையும் தட்ட மாட்டேன். நாற்பது வருடம் என் மேசைக்கு வந்தவர்களைக் காக்க வைத்தவன் நான். எனக்கு மட்டும் யார் உடனே திறப்பார்கள்?"

எழுதி முடித்ததும் எனக்கே அவரைப் பிடித்துப்போனது. மேடத்துக்கு என்னைவிடப் பிடித்துவிட்டது.

"மற்றதெல்லாம் சுமார்" என்று படிவங்களைத் தள்ளிவிட்டு அந்த ஒன்றை மட்டும் கையில் எடுத்தார். "இவர்தான் உம்மட நாலாம் அத்தியாயம். இவரோட நீண்ட நேர்காணல் ஒண்டு செய்யும். ரெக்கோர்ட் பண்ணும். ஏலுமெண்டா நானும் ஒருக்கா வந்து அவரைப் பாக்க வேணும். அடுத்த கிழமை சரியா?"

"சரி மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தக் கிழமை மூன்று முறை மணி அடித்தேன். கதவின் துவாரம் ஒரு கணம் இருண்டு பிறகு வெளிச்சமானது. உள்ளே ஆள் இருக்கிறார், ஆனால் திறக்கவில்லை. பயத்தைவிட ஆவல்தான் எனக்குக் கூடிக்கொண்டு போனது. உள்ளே இருப்பவர் எவ்வளவு தூரம் என் ஐயாவாக இருப்பார்? வயதில் பத்து வருடம் பிசகியிருக்கலாம். உத்தியோகம் வங்கியாக இருக்கலாம். குணம் மட்டும் நான் எழுதியபடியே இருக்கும் என்று உறுதியாக நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. தோளில் படிவப் பையோடு ஐந்தாம் மாடியிலிருந்து படியால் இறங்கி வந்தேன். மூன்றாம் மாடியில் அந்தக் கதவு திறந்திருந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வாசலில் குந்தியிருந்து, ஈரத் துணியால் அந்தச் செருப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் எதிலும் உப்புத் தூசி படியும். மகளாக்கும் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, ஐயா நிக்கிறாரே?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "எந்த ஐயா?" என்றவர், அடுத்த நொடியே, "இருக்கிறார். தூங்குறார்" என்றார்.

"எழும்பினாப் பிறகு ஒரு அஞ்சு நிமிஷம் கதைக்கலாமே? நான் அஞ்சாம் மாடி. கம்பஸ் வேலை ஒண்டு. ஐயா போன மாசம் படிவம் நிரப்பித் தந்தவர்."

இதை நான் ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. பொய் சொல்லிப் பழகிவிட்டால் வாய் தானாகவே அடுத்ததையும் சொல்லிவிடுகிறது போலும்.

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் ஒரு பயம் வந்து, அது மெல்ல வேறு ஏதோ ஆனது.

"அவரா? நிரப்பிக் குடுத்தாரா?"

"ஓம்."

"அப்படின்னா உள்ள வாங்க மகள்" என்றார். "அந்தாள் என்ன எழுதியிருக்கிறார்னு நானும் பார்க்கணும்."

வீட்டில் ஒரு கட்டில், ஒரு கதிரை, மேசையில் ஒரு தட்டு. சுவரில் மாதாவின் படம். அதன் கீழே அவரும் அவருடைய தாயும் நிற்கும் போட்டோ. ஆம்பிளை ஒருவர் இருக்கும் வீட்டின் அடையாளம் எதுவுமில்லை. பையிலிருந்த படிவத்தை எடுத்து நீட்டினேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து முழுவதும் வாசித்தார். காக்க வைத்தவன் என்ற வரிக்கு வந்ததும் சிரித்தார். பிறகு அதே வரியைத் திரும்ப வாசித்தார்.

"நல்லாத்தான் பேசுறார் மனுசன்" என்றார். "ஆனா இங்க ஆம்பிளை யாரும் இல்ல மகள். அந்தச் செருப்பு மட்டும்தான் இருக்கு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் காத்திருக்கவில்லை. பல நாள் யாரிடமும் சொல்லாத கதையை, சொல்லித் தீர்க்கிறவர்போலச் சொன்னார். கொழும்பிலேயே கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். தாய் இறந்ததும் சகோதரர்கள் வீட்டை விற்றுவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்தாலும் பயமில்லை, சந்துக்குள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். இங்கே வந்த முதல் மாதம் யாரோ ஒருவன் இரண்டு தரம் கதவின் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறான்.

"அடுத்த நாளே புறக்கோட்டைக் கடைத்தெருவுல போய் இந்தச் செருப்பை வாங்கினேன். கடைக்காரன் என்ன சைஸ்னு கேட்டான். இருக்கிறதுலயே பெருசு குடுங்கன்னேன். புதுசா இருந்தா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு, ரெண்டு கிழமை பாத்ரூமுக்குள்ள நானே போட்டுக்கிட்டு நடந்தேன்."

அந்தப் பெரிய செருப்புக்குள் அவர் காலை நுழைத்து, குளியலறையில் மேலும் கீழும் நடந்திருப்பதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. செருப்பைப் பார்த்து ஏமாறுபவர்களுக்காகவே அதை வைத்திருந்தார். முதலில் ஏமாந்தவள் நான்.

"ஏன் ஆன்ட்டி கதவு திறக்கேல்ல?"

"வீட்டுல எத்தனை பேர்னு கேக்கத்தானே வந்தீங்க? அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எழுந்தபோது படிவத்தைத் திருப்பித் தந்தார். "இதை மாத்தாதீங்க. அந்தாள் இருக்கட்டும். பேப்பர்லயும் ஒருத்தர் இருந்தா நல்லதுதானே."

அன்று பின்னேரம் கடற்கரைப் பக்கம் போய், ரயில் பாதையோரக் கல்லில் குந்தியிருந்து யோசித்தேன். ஐயாவைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்கலாம். ஆனால் மேடம் அவரைப் பார்க்க வருகிறேன் என்கிறார். கண்ட உண்மையை அப்படியே எழுதலாம். என் நான்கு வருடப் படிப்பில் நான் கண்ட ஒரே பெரிய விஷயம் அதுதான். பெயர் போடாமல் எழுதினாலும் ஒரு பிரதி செயலாளர் அங்கிளிடம் போகும். இருபத்து நான்கு வீட்டில் தனியாக இருக்கும் பெண் யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? அவர் வாசித்தால் செக்யூரிட்டிக்குத் தெரியும், பிறகு தண்ணீர் மோட்டர் திருத்த வருபவனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போனேன். ஏழு படிவங்களையும் மேசையில் வைத்து, அவை நான் எழுதியவை என்று சொன்னேன். மேடம் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அது திட்டுவதைவிட மோசம்.

"இவருமா?"

"ஓம் மேடம். இவரையும் நான்தான் எழுதினனான்."

"போய்ப் பாத்தனீரா? உண்மையா அந்த வீட்டில ஆர் இருக்கினம்?" அவர் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "சொல்லும். கண்டதைச் சரியா எழுதினா இந்த அத்தியாயத்தையாவது காப்பாத்தலாம். நான் பரீட்சை போர்ட்ல கதைக்கிறன்."

சொல்ல வேண்டும்போல நாக்குத் துடித்தது. பட்டத்துக்காக மட்டுமில்லை. அப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கமே எனக்கு இல்லை. பாத்ரூமுக்குள் நடந்த அந்த இரண்டு கிழமையைக் கேட்டால் மேடம் கதிரையிலிருந்து எழுந்துவிடுவார். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"தெரியாது மேடம்" என்றேன். "கதவு திறக்கேல்ல."

என் ஆய்வு திருப்பி அனுப்பப்பட்டது. புதிய கட்டடம் ஒன்றில் முழுவதையும் திரும்பச் செய்து, அடுத்த பட்சோடு பட்டம் வாங்கச் சொன்னார்கள். அந்த வேலை வேறு யாருக்கோ போனது. பட்ச் போட்டோ எடுத்த நாள் நான் வீட்டில் கிடந்து அழுதேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "சாறியை மடிச்சு அலுமாரிக்குள்ள வச்சிட்டன். பூச்சி அரிக்காம இருந்தாச் சரி" என்றார். பிறகு, "நீ சொல்லாமலே விட்டிருக்கலாம்தானே?" என்று கேட்டார். அவரிடமும் என்னால் காரணம் சொல்ல முடியவில்லை.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஆறாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் லிஃப்டில் என்னோடு ஏறினார். முப்பது, முப்பத்தைந்து வயது. மரியாதையாகத்தான் சிரித்தார்.

"தங்கச்சி, மூண்டாம் மாடி மூலை வீட்டில அந்த அக்கா தனியவோ இருக்கிறா? ஆம்பிளைச் செருப்பு ஒண்டு கிடக்கு, ஆனா ஒரு நாளும் அசைஞ்ச மாதிரித் தெரியேல்ல."

கெட்ட எண்ணத்தோடுதான் கேட்டாரா தெரியாது. என்னைப்போல அவருக்கும் வெறும் ஆவலாக இருக்கலாம். ஆனாலும் நான் முந்திக்கொண்டேன்.

"இல்லையே, அங்க ஒரு ஐயா இருக்கிறார்" என்றேன். "பென்சன் எடுத்தவர். நாப்பது வருசம் கவர்ன்மென்ட் வேலை. ஆரோடையும் கதைக்க மாட்டார். கொஞ்சம் கோபக்காரர்."

"அப்படியோ" என்றார்.

ஐந்தாம் மாடியில் நான் இறங்கினேன். லிஃப்ட் மேலே போகும்வரை நின்றுவிட்டு, படியால் மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். சத்தமில்லாமல் குந்தி, ஒரு செருப்பை மட்டும் சாய்த்து, கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

ஆன்ட்டி அதைக் கவனித்திருக்க வேண்டும். மறுநாள் காலை கம்பஸுக்குப் போகையில் படியால் இறங்கிப் பார்த்தேன். இரண்டு செருப்பும் கதவைப் பார்த்தபடி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன, யாரோ இப்போதுதான் வீடு வந்து கழற்றிப் போட்டதுபோல.