ஒரகடத்தில் நான் அழித்த ஒரு நிமிடப் படம்

பிள்ளைகளே, கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான் ஒருமுறை ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குப் படத் தயாரிப்பாளர் ஆனேன். தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்டும் பாதுகாப்புப் படம். ஆபீசில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். பதினோரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தரும் அட்வான்ஸ்தான் அதுவரை எனக்குத் தெரிந்த ஒப்பந்தம்.

இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினை முதலில் ஒத்திகையாக எடுத்தேன். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பிக் கதவு அதில் இல்லை. சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இருப்பா, கதவ மாட்டிட்டு எடு." மாட்டியதும் மறுபடி எடுத்தேன்.

மெஷினை ஓட்டிய தென்காசிக்காரர் சிரித்தார். "எங்க மெஷினுக்கு இன்னைக்குக் கல்யாணம்ணே, நகை போட்டாச்சு. நீங்க போனதும் கழட்டிருவாவ."

எடுத்தது எதையும் ஒரு வருஷம் அழிக்காமல் வைத்திருப்பது என் வழக்கம். தாலி கட்டும்போது அத்தை முகம் விழவில்லை என்று கல்யாண வீட்டார் தேடி வருவார்கள். அப்படித்தான் அந்த ஒரு நிமிட ஒத்திகையும் என்னிடம் இருந்தது.

இரண்டு மாதத்தில் அதே மெஷினில் தென்காசிக்காரருக்கு மூன்று விரல்கள் போயின. கதவை அவரே கழற்றிவிட்டார் என்று விபத்தை விசாரிக்கும் அரசாங்க அதிகாரிக்குக் கம்பெனி எழுதிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு என் கடைக்கு வந்தார்.

"நான் கழட்டலேண்ணே. முதல்ல எடுத்ததுல கதவு இருக்காதுல்லா? அத மட்டும் தாங்க."

நாளைக்கு வரச் சொன்னேன். சாயங்காலம் உங்கள் அம்மா ஒப்பந்தத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எடுத்தது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம். நகல் வைக்கக் கூடாது, வெளியே காட்டக் கூடாது, மீறினால் வழக்கு.

"கையெழுத்து போடசொல்ல இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"குறி போட்ட எடத்துல போட்டேன்."

"உன் கழுத்துல குறி போட்டா அங்கயும் போடுவியா? சரி, ஒரு வக்கீல கேளு."

நான் கேட்கவில்லை. உங்கள் ஸ்கூல், கடை வாடகை, கோர்ட் என்று என்னென்னவோ மனதில் ஓடியது. காலையில் கடை திறந்ததும் அந்த ஒரு நிமிடத்தை அழித்தேன். அவர் வந்தபோது, "அழிஞ்சி போச்சுப்பா" என்றேன்.

"அப்ப கண்ணால பாத்தேன்னு வந்து சொல்லுதீயளா?"

யோசிக்கிறேன் என்றேன். அவர் சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகுதான் வக்கீலிடம் போனேன். விசாரணையில் உண்மையைச் சொல்வதை எந்த ஒப்பந்தமும் தடுக்காது, படத்தையும் அதிகாரி கேட்டு வாங்கியிருக்கலாம் என்றார். மறுநாளே விசாரணை அதிகாரியிடம் போய், நான் பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். தென்காசிக்காரரும் அங்கே இருந்தார். அதிகாரி நிதானமாகப் படித்துவிட்டு, "படம் எங்கே?" என்று கேட்டார்.

அழித்தது நான்தான் என்று தென்காசிக்காரர் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியிருந்தது.