நூர் தராத மருந்து

பரங்கிப்பேட்டையிலிருந்து காதர் போனில் பேசியபோது மஞ்சக்குப்பத்தில் வெயில் சாய்ந்திருந்தது. "அம்மா, எங்க அக்கா மௌத்தாயிட்டாங்க. மத்தியானம் தொழுதுட்டுப் படுத்தவங்க, எழுந்திரிக்கல." சொல்லிவிட்டு அழுதார். கனவில் யாரோ பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காதரின் அந்த அக்கா, அவளிடம் படித்த உங்களுக்குச் சிதம்பரத்துக் கல்லூரியின் நூர்ஜஹான் மேடம். என்னைவிட இருபது வயது இளையவள் என்பதால் எனக்கு வெறும் நூர். நான் கான்வென்டில் படித்தவள். அவளுடைய ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தேன். பிழையோடு ஒரு பக்கம்கூட என் மேசையைத் தாண்டியதில்லை.

ஒருமுறை பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போனாள். வேர்களுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் நின்றது. வானம் மேலே இருக்கிறதா, கீழேயா என்று தெரியவில்லை. நூர் முழங்கை வரை சேற்றில் கைவிட்டு ஒரு குப்பியை நிரப்பினாள். "பொடவைய இழுத்துப் புடிங்கக்கா. சேறு ஒட்டினா போவாது, என்னைத்தான் திட்டுவீங்க."

அந்தச் சேற்றிலிருந்த பாக்டீரியா, கண்ணாடித் தட்டுகளில் வெண்புள்ளிகளாக வளர்ந்தது. அவள் ஆய்வகம் முழுக்க முதல் மழையின் மண்வாசம். "மழை வாசம்னு நாம சொல்றது இதுங்க வாசம்தான்க்கா" என்றாள். அது சுரக்கும் ஒரு பொருளைப் பிரித்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்கள்மேல் விட்டுப் பார்ப்பது அவள் வேலை. நுண்ணோக்கியில் காட்டினாள். முந்தைய நாள் பாய்போல் பரவியிருந்த செல்கள் உருண்டு, பிடிவிட்டு, ஜவ்வரிசிபோல் மிதந்தன. வெகுநேரம் நான் கண்ணை எடுக்கவில்லை.

மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான எனக்கு அப்போது மறுபடி ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. அவள் கட்டுரையின் முதல் பத்தியிலேயே அந்த அறிகுறி இருந்தது. அந்த வரியில் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கணவர் இறந்தபின் உடம்பைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

நான்கு மாதம் கழித்துக் கேட்டேன்: "என் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு வேணும். உன் மருந்து கொஞ்சம் கொடுப்பியா?"

நூர் பேனாவை மூடினாள். "தட்டுல செல்லு சாவறத வெச்சு மருந்துன்னு சொல்லக் கூடாதுக்கா. வெந்நீர் ஊத்தினாலும் சாவும். எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கல."

"கண்ணால் பார்த்தேனே!"

"ஆசை ஜாஸ்தியானா கண்ணு நம்ம பக்கமே சாட்சி சொல்லும்." பிறகு மெதுவாக, "அந்தப் பொண்ணுக்கு வயசு எழுபதாக்கா?"

நான் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

மறுநாள் காலை ஆட்டோவோடு வாசலில் நின்றாள். "தலை அப்புறம் சீவிக்கலாம், ஏறுங்க." ஆரம்ப நிலை என்றார் மருத்துவர். கதிர்வீச்சு முடியும் வரை நூர் தன் பாக்டீரியாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பொருள் இன்னும் மருந்தாகவில்லை. ஆகலாம், ஆகாமலும் போகலாம். இதற்குமேல் ஒரு சொல் கூட்டி எழுதினால் அவள் பொறுக்க மாட்டாள்.

துக்கம் கேட்கப் போன வீட்டில் ஒரு பெண், "அவுங்க உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்றாள். கட்டுரை திருத்தினேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "எனக்குக் கருப்பைவாயில் புற்றுநோய் இருந்தது. அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள்" என்று வந்துவிட்டது. சுவரோரம் இருந்த ஒருத்தி நகர்ந்து வந்து என் கையைத் தொட்டாள். "எனக்கும் ஆறு மாசமா பட்டுக்கிட்டிருக்கு. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

நூரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, வெட்கப்பட்டு மூடி வைத்ததைச் சொல்லிவிடும் வாய். வியாழக்கிழமை அந்தப் பெண்ணோடு மருத்துவரிடம் நானும் போகிறேன்.