பூஜையில் வைத்த துப்பாக்கி

சாலைக் கடைவீதியில் எனக்கு இரும்புக் கடை. ஞாயிறுதோறும் நண்பர்களோடு அட்டையில் குறி வைத்துச் சுடுவது என் பொழுதுபோக்கு. சென்ற ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியைத் துடைத்து, தோட்டா இல்லை என்று நானே பார்த்து, தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

விஜயதசமியன்று பூஜையில் வைத்த கருவியை ஒரு முறை இயக்குவது எங்கள் வழக்கம். கதவுப் பக்கமாக நீட்டி விசையை இழுத்தேன். வெடித்தது! கற்பூரத் தட்டோடு உள்ளே வந்த என் மனைவியின் காதோரமாகப் பாய்ந்து குண்டு நிலைச்சட்டத்தில் புதைந்தது.

சத்தம் கேட்டு ஓடி வந்த மச்சினன் பல்லைக் காட்டினான். “சாமி முன்னால காலியா ஒண்ணும் வைக்கப்படாதே அத்தான்! குடத்தில தண்ணி, படியில அரிசி, இதில மட்டும் ஒண்ணுமில்லைன்னா எப்படி? நான்தான் ஒரு தோட்டா போட்டேன்.”

“உன் அக்கா செத்திருப்பாளேடா, மடையா!”

“ஒண்ணும் ஆகலையில்லே? பின்னே எதுக்கு இத்தற கோபம்?”

“அவனை மட்டும் ஏசாதீங்க” என்றாள் மனைவி. “திறந்து பார்க்காம இழுத்தது யாரு?”

அவன் முட்டாள் என்றால் நான் அவனைவிடப் பெரிய முட்டாள். இப்போதெல்லாம் ஒரு நிமிஷம் முன்பு நானே காலி செய்த துப்பாக்கியானாலும், கையில் எடுத்தவுடன் திறந்து பார்க்கிறேன். தோட்டாப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். இந்த ஆண்டு பூஜையில் துப்பாக்கி திறந்தபடி, காலியாகத்தான் இருக்கும். சாமி கோபித்தால் கோபிக்கட்டும்.