வெர்னா ஹாப்குட் கேட்ட ஒரு வரி

வாஷிங்டனில் என் பிழைப்பு லாபி. ஊர்ப்புறத்துச் சின்ன வங்கிகள் இருநூற்றுச் சொச்சம் ஒன்றுசேர்ந்து எனக்குச் சம்பளம் தருகின்றன. அவர்களுக்குச் சாதகமாக ஒரு சட்டம் வரவேண்டும் என்றாலும், பாதகமாக ஒன்று வராமல் இருக்கவேண்டும் என்றாலும், காங்கிரஸின், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றத்தின், தாழ்வாரங்களில் செருப்புத் தேய நடப்பவன் நான்தான். இதை வெட்கப்பட்டும் சொல்லவில்லை, பெருமைப்பட்டும் சொல்லவில்லை. வெர்னா ஹாப்குட்டைப் பற்றிச் சொல்ல வந்தவன், நான் யார் என்று முதலில் ஒப்புக்கொண்டுவிடுவதுதான் நியாயம்.

வெர்னாவும் லாபிக்காரிதான். ஆனால் சம்பளம் கிடையாது. மேரிலாந்தில், ஹேகர்ஸ்டவுனில், ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாதத்தில் இரண்டு செவ்வாயாவது பஸ் பிடித்து இங்கே வந்துவிடுவாள். மகள் கோராவுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. புரதம் உடம்புக்கு ஆகாது. இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு எதையும் தொடக்கூடாது. அதற்குப் பதிலாக ஒரு மாவைத் தண்ணீரில் கரைத்து, ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆயுள் முழுக்கக் குடிக்கவேண்டும். நிறுத்தினால் மூளை கெடும். காப்பீட்டுக்காரர்களோ, இது மருந்து இல்லை, சாப்பாடு, சாப்பாட்டுக்கெல்லாம் நாங்கள் தருவதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வீட்டு வாடகையைவிட மாவுக்கு அதிகம் போனது. கணவர் ஓய்வில்லாமல் லாரி ஓட்டினார். வெர்னா கேட்டது சட்டத்தில் ஒரே ஒரு வரி: இந்த மாவும் மருந்துதான்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவளை முதலில் பார்த்தபோது, கையில் அந்த மாவைக் கரைத்த ஒரு பிளாஸ்க்கும் காகிதக் கோப்பைகளுமாக, ஒரு உறுப்பினரின் உதவியாளரை மடக்கி வைத்திருந்தாள். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அவர்கள் உதவியாளர்களுக்கும் நாங்கள் சாப்பாடு வாங்கித் தரக்கூடாது. ஆனால் நின்றுகொண்டே பல்குச்சியில் குத்தித் தின்றால் அது சாப்பாட்டில் சேராது. அதனால் என் விருந்துகளில் இறால் இருக்கும், நாற்காலி இருக்காது. வெர்னா மடக்கிய உதவியாளன் இந்த விதிக்குப் பயந்து கோப்பையை ஏந்தியபடி நின்றான்.

"மேடம், இதை உக்காந்து குடிச்சா அன்பளிப்பு வாங்கின மாதிரி ஆயிடுமா?"

"குடிச்சுப் பாருங்க. அப்புறம் யாரும் அப்படிச் சொல்லமாட்டாங்க."

குடித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். வெர்னா சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"சிரிக்கிற ஆளுக்கும் ஒரு கோப்பை இருக்கு."

கெட்டுப்போன மீனோடு துருப்பிடித்த ஆணியைச் சேர்த்து அரைத்த ருசி. அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம்.

இங்கே ஒரு மசோதாவுக்கு ஆயுள் இரண்டு வருடம். அதற்குள் நிறைவேறாவிட்டால் செத்தது. புது எண் வாங்கி முதலிலிருந்து தொடங்கவேண்டும். வெர்னா கேட்ட அந்த ஒரு வரி ஏழு தடவை செத்தது. எனக்குத் தெரிந்த பெரிய லாபிக்காரர்கள் தோற்றால் எதிர்க்கட்சியைத் திட்டுவார்கள், சொந்தக் கட்சியைத் திட்டுவார்கள், கடைசியில் பெண்டாட்டியைத் திட்டுவார்கள். வெர்னா பெண்கள் கழிப்பறைக்குப் போய் அழுவாள், முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த அறைக் கதவைத் தட்டுவாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். என் வாழ்நாளில் எந்த வங்கிக்காகவும் நான் அழுததில்லை.

எட்டாவது தடவை நான்தான் யோசனை சொன்னேன்.

"தனி மசோதாவாப் போனா ஜென்மத்துக்கும் நடக்காது வெர்னா. வருஷக் கடைசியில ஒரு பெரிய வரி மசோதா கிளம்புது. கிளம்புற பஸ்ல தொத்திக்கணும்."

நல்ல மனசோடுதான் சொன்னேன். அதே பஸ்ஸில் என் வங்கிகளுக்கான வரிச்சலுகையும் ஏறியிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்கவேண்டும்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த வரி மசோதாவை எழுதும் குழுவின் மூத்த அலுவலர் பிரையர் எங்கள் இருவரையும் தனித்தனியாக அழைத்திருந்தார். முதலில் நான். ஐந்தே நிமிடம்: உங்கள் வங்கிச் சலுகை மசோதாவுக்குள் வந்துவிட்டது, போய் வாருங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வெர்னாவுக்காகக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"உள்ள போட்டுக்கிறாங்களாம்."

நான் துள்ளி எழுந்தேன்.

"உக்காரு டெல். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு மட்டும். மசோதாவோட மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பு இருக்காம், அதுல மிச்சம் இருக்கிற இடம் அவ்வளவுதானாம். எல்லாருக்கும்னா பத்து வருஷச் செலவு எகிறிடுதாம். பன்னெண்டு மணிக்குள்ள சரின்னு சொல்லணும். இல்லன்னா வெளிய."

சட்டம் அமலுக்கு வருவது ஜூலையில். கோராவுக்குப் பிப்ரவரியில் பதினெட்டு முடிகிறது.

வெர்னா அங்கேயே மகளுக்குப் போன் போட்டாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தின் இரைச்சல் எனக்கே கேட்டது.

"கோரா, சாப்டியா?"

"என்னத்தைச் சாப்பிட, அதே சேறுதான். சீக்கிரம் சொல்லும்மா, மணி அடிச்சிடும்."

வெர்னா எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள்.

"சின்னப் பசங்க எத்தனை பேரும்மா இருக்காங்க?"

"ஏழாயிரம் இருக்கும்."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற?"

"உன்னை வெச்சுத்தானடி ஆரம்பிச்சேன்."

"தெரியும். சரின்னு சொல்லிட்டு வா. அழாத. அழுதா மை வழிஞ்சு பேய் மாதிரி இருப்ப, அந்த மனுஷன் பயந்துடுவாரு."

வெர்னா அழுதுகொண்டே சிரித்தாள். எழுந்து உள்ளே போய்ச் சரி என்று சொல்லிவிட்டு, மறுபடி என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஆப்பிளை எடுத்து வெட்டிப் பாதியை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். மிச்சம் இருக்கிற இடம் என்ற வார்த்தை நெஞ்சுக்குள் கிடந்து குத்திக்கொண்டிருந்தது.

"வெர்னா, அந்த இடத்தை யாரு அடைச்சதுன்னு தெரியுமா?"

"தெரியும். உன் வங்கிக்காரங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பிரையர் மேசையில பட்டியல் இருந்துச்சு. பதினஞ்சு வருஷமா மேசைக்கு இந்தப் பக்கமே உக்காந்தவளுக்குத் தலைகீழாப் படிக்கத் தெரியாதா? உன்னோடது என்னோடதுக்கு நேர் மேல எழுதியிருந்துச்சு."

"அதைப் பாத்துட்டுமா வந்து என் பக்கத்துல உக்காந்த?"

"வேற யாரு பக்கத்துல போய் உக்கார? இந்த ஊர்ல எனக்கு வேற யாரைத் தெரியும்?"

ஐம்பத்தெட்டு வயதில், ஆள் நடமாடும் தாழ்வாரத்தில், கையில் பாதி ஆப்பிளோடு நான் அழுதேன். மன்னிச்சுடு என்று சொன்னேன்.

"மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்றது? ஜனவரில பெரியவங்களுக்காகப் புது மசோதா போடணும். ஆதரவுக் கடிதத்துல உன் வங்கிக்காரங்க கையெழுத்து வேணும்."

"வங்கிக்கும் மாவுக்கும் என்னடா சம்பந்தம்னு என்னைக் கிழிச்சிடுவாங்க."

"கிழிக்கட்டுமே. உனக்குப் பதில் சொல்லத் தெரியாதா என்ன?"

கிழித்தார்கள். சங்கத்தின் தலைவர், உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டார். வேலை போனால் போகட்டும் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். முப்பத்தொரு வங்கிகள் கையெழுத்துப் போட்டன.

வரி மசோதா டிசம்பரிலேயே சட்டமாகிவிட்டிருந்தது. பிப்ரவரி கடைசிச் செவ்வாயன்று கடிதத்தோடு பிரையர் அறைக்குப் போனோம். அன்றைக்குக் கோராவும் வந்திருந்தாள்; பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு. பிரையர் கெட்ட மனிதர் இல்லை. அவளைக் கண்டதும் முகம் மலர எழுந்து கை நீட்டினார்.

"நீதானா கோரா! உங்கம்மா கொண்டுவந்த சட்டத்தால பலன் அடையப்போற முதல் ஆளு!"

கோரா அவர் கையைக் குலுக்கினாள்.

"இல்ல சார். எனக்குப் போன வெள்ளிக்கிழமை பதினெட்டு ஆயிடுச்சு. நீங்க விட்டுட்டவங்கள்ல முதல் ஆளு நான். உக்காந்து பேசலாமா?"

பிரையர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். வெர்னா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகாமல் மகளுக்குப் பின்னாலேயே நின்றாள்.