கொழுத்த பிள்ளைதான் பிழைக்கும் என்றார்கள்

தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற கிரீச்சில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சங்கு ஊதியதும் பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். கொழுந்து கிள்ளப் போகிற அவசரம். கைப்பிள்ளைகள் முதுகில் கட்டுண்டு வந்தன. நடக்கத் தெரிந்தவை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தன. ஒருத்தி மட்டும் நாலு வயது தாண்டிய பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்தாள். அவன் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின.

"புள்ளைக்கு நடக்க வராதாம்மா?" என்று கேட்டேன்.

"நடப்பான் டீச்சர். நடந்தா மேலு வத்திப் போயிரும்லா?" என்றாள்.

அவள் பேச்சியம்மாள். பையன் பெயர் முத்து. அவள் புருஷன் தோட்டத்து கேன்டீனை நடத்தினார், இவளும் அங்கேதான் வேலை செய்தாள். கேன்டீனில் நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி கொதிக்கும் என்பதால் பையனைக் கிரீச்சில் விடுவாள். விடும்போது ஒரு தூக்குவாளியும் தருவாள். அதில் வடை, வாழைக்காய் பஜ்ஜி, டின் பாலில் ஊறவைத்த ரொட்டி இருக்கும். "அழுதா குடுங்க, அழாட்டியும் குடுங்க" என்பாள்.

இது எழுபதுகளின் நடுவில், சூரியநெல்லிக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் சங்கரன்கோவில் பக்கத்தில் பிறந்தவள். பாலசேவிகா டிரெயினிங் முடித்துவிட்டு வந்திருந்தேன். டிரெயினிங்கில் சொல்லித் தந்தது இரண்டு விஷயம்தான். பிள்ளைக்குச் சத்தாகச் சாப்பாடு கொடு, நன்றாக ஓடியாட விடு. கிரீச்சில் இரண்டுமே இல்லை. காலையில் தண்ணீராகக் கரைத்த பவுடர் பால், மத்தியானம் கஞ்சி. மீதி நேரமெல்லாம் கம்பளியைப் போர்த்திப் படுக்கவைப்பது. அங்கே வெகுகாலம் ஆயாவாக இருந்த குருவம்மா, "வெளிய விட்டா அட்டை கடிக்கும், பனி பிடிக்கும். தூங்குத புள்ளதான் நல்ல புள்ள" என்பாள்.

முத்துவைத் தவிர மற்ற பிள்ளைகள் எல்லாம் குச்சி மாதிரி கையும் காலும். சில பிள்ளைகளுக்கு முடி செம்பட்டையாகிப் போயிருந்தது. நான் டிரெயினிங்கில் படத்தில் பார்த்த பிள்ளைகள் அப்படியே எதிரே படுத்திருந்தார்கள்.

விருந்தாளிகள் வந்த நாள்

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில், தோட்டத்து மேனேஜரைப் பார்க்கப் போனேன். எல்லாரும் அவரைத் தொரை என்றுதான் சொல்வார்கள். நிலக்கடலை, பாசிப்பயறு, கேப்பை மாவு மூன்றும் வேண்டும், பிள்ளைகள் ஓடியாட கிரீச்சுக்கு முன்னால் கொஞ்சம் இடத்தைச் சமப்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கலாம் என்றார்.

அடுத்த வாரம் ஹெட் ஆபீஸிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். தொரை முன்கூட்டியே ஆள் அனுப்பி, மெலிந்த பிள்ளைகளைக் குருவம்மாவோடு பின்பக்கம் அனுப்பச் சொல்லிவிட்டார். முத்துவை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவனை ஒரு கையால் தூக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார் தொரை.

"எல்லாம் நம்ம எஸ்டேட் பால்!" என்றார் விருந்தாளிகளிடம்.

அவர்களில் ஒரு அம்மாள் அவன் கன்னத்தைக் கிள்ளி, ஒரு டின் பிஸ்கட் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். பின்பக்கத்தில் ஒரு பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

அவர்கள் போனதும் கடலையைப் பற்றித் திரும்பவும் கேட்டேன்.

"டீச்சர், அந்தப் பையனைப் பார்த்த பெறகு, இங்க சாப்பாடு பத்தலைன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?" என்றார் தொரை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு பிள்ளையின் மிதமிஞ்சின தீனி, மற்ற பிள்ளைகளின் பட்டினிக்குத் திரையாகிவிட்டது.

ரெண்டு குழி

தோட்டத்து டாக்டர் கோட்டயத்துப் பக்கத்துக்காரர். மாதத்துக்கு ஒரு தடவை கிரீச்சுக்கு வருவார். முத்துவை எழுந்து நிற்கச் சொன்னார். அவன் இரண்டு கையையும் தரையில் ஊன்றித்தான் எழுந்தான். தொடை இரண்டும் உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. மத்தியானம் தூங்கும்போது அவன் விடும் குறட்டையில் பக்கத்துப் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும்.

டாக்டர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இது ஆரோக்கியம் அல்ல அம்மே. இந்தக் கொச்சுப் பையன் நடக்கணும், ஓடணும். டின் பால் வேண்டா, எண்ணெய்ப் பலகாரம் வேண்டா. இப்போ விட்டா பின்னே இவனுக்கு வலிய கஷ்டம்."

பேச்சியம்மாள் தலையை ஆட்டினாள். டாக்டர் போனதும் என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் புள்ள உண்டா டீச்சர்?"

"இன்னும் கல்யாணம் ஆகலம்மா."

"எனக்கு இவனுக்கு முன்னால ரெண்டு. ரெண்டும் வயித்தால போயி மெலிஞ்சு மெலிஞ்சேதான் செத்துச்சு. கையில எடுத்தா கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். அந்தச் சரிவுல ரெண்டு குழி வெட்டிருக்கோம். இவனத் தூக்கினா கை வலிக்கி. அந்த வலி எனக்கு வேணும் டீச்சர்."

அன்றிலிருந்து அவளிடம் "குறைங்க" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். "காலையில நீங்களும் வந்து கொஞ்ச நேரம் எங்ககூட இருங்க" என்றேன். அவளும் வந்தாள். தூக்குவாளியில் வடைக்குப் பதிலாக அவித்த பயறு கொண்டுவரச் சொன்னேன். முதலில் இரண்டும் கொண்டுவந்தாள். பிறகு பயறு மட்டும்.

ஓட்டம்

தொரை இடம் சமப்படுத்தித் தரவில்லை. கிரீச்சுக்கு முன்னால் இருந்த சரிவையே எடுத்துக்கொண்டோம். வெயில் வந்ததும் கம்பளிகளை உதறி வைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே விட்டேன். அவர்களாகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பிள்ளை கொழுந்து மூட்டை, இன்னொரு பிள்ளை கங்காணி. கங்காணி மூட்டையை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் எடைபோட வேண்டும்.

முத்துதான் எப்போதும் மூட்டை. அவனை இழுக்கிற கங்காணி செல்லக்கனி. கொழுந்து கிள்ளுகிற மாரியம்மாளின் மகள். அவனுக்குச் சம வயசு, அவனில் பாதி இருப்பாள். "ஏலே மூட்டை, கால ஊனு! மூட்டையே நடந்து வந்தாத்தான் எடை போடுவேன்!" என்று கத்துவாள். அவனை நடக்கவைத்தது என் டிரெயினிங் இல்லை, அவள் போட்ட அந்தச் சத்தம்தான்.

மழைக்காலம் வருவதற்குள் முத்து யாரும் இழுக்காமலே மேடு ஏறினான். தொடைப்புண் ஆறியது. குறட்டை குறைந்தது. ஒருநாள் காலையில் பேச்சியம்மாள் வழக்கம்போல் அவனை இடுப்பில் தூக்கி வந்தபோது, பாதி வழியில் திமிறி இறங்கி அவனே ஓடி வந்தான். அவள் பின்னால் பிள்ளை இல்லாத இடுப்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா பயமா என்று முகத்தில் தெரியவில்லை. கிட்டே வந்து அவன் அரைஞாண் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அது தளர்ந்திருந்தது. முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

மற்ற பிள்ளைகளுக்கு ஓட்டம் கிடைத்தது, சாப்பாடு கிடைக்கவில்லை. ஓடிவிட்டு வந்து பசி பசி என்று கத்தும். நானும் குருவம்மாவும் கஞ்சியைக் கெட்டியாக வைத்துப் பார்த்தோம். அப்போது பாதிப் பேருக்குத்தான் வரும். திரும்பவும் தண்ணீர் விட்டோம்.

மணல்வாரி

அந்த மழையில் மணல்வாரி என்கிற தட்டம்மை வந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு பிள்ளைக்குக் கண்டு, வரிசையாக எல்லா வீட்டிலும் வேப்பிலை செருகினார்கள். கிரீச் மூடப்பட்டது. நான் டாக்டரோடு வீடு வீடாகப் போனேன். முத்துவுக்கும் கண்டிருந்தது, செல்லக்கனிக்கும் கண்டிருந்தது.

முத்து காய்ச்சலில் வாடிப்போனான், ஆனால் தேறிவிட்டான். செல்லக்கனிக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் ஊசி போட்டார், ஜீப்பில் மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார். ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. மறுநாள் விடிந்ததும் மாரியம்மாள் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

வெளியே வந்த டாக்டர் மழையில் நின்றபடி என்னிடம் சொன்னார்: "நோயோட சண்டை போட அந்தக் குட்டியோட தேகத்தில ஒண்ணுமே இல்லை டீச்சரே."

புதைத்துவிட்டு வரும்போது பேச்சியம்மாள் என் பக்கத்தில் நடந்தாள். மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"பாத்தீங்களா டீச்சர்? மெலிஞ்சது போயிருச்சு. எம்புள்ள நின்னுட்டான். கொஞ்சமாச்சும் சதை இருந்ததாலதான நின்னான்? இனிமே நீங்க எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். செல்லக்கனிக்குக் கிடைக்காதது சாப்பாடு, முத்துவுக்கு அதிகமாகக் கிடைத்தது தீனி, இரண்டும் வேறு வேறு என்று எடுத்துச்சொல்ல அந்த வழியில் என்னால் முடியவில்லை. இரண்டு குழி தோண்டியவளிடம், மூன்றாவதாக ஒரு குழியைப் பார்த்துவிட்டு வருகிறவளிடம் எதைச் சொல்வது?

அடுத்த வாரமே லயம் முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது. கொழுத்த பிள்ளைதான் பிழைக்கும். ஓடின பிள்ளை செத்துப்போச்சு. கிரீச் திறந்த அன்று பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட ஒவ்வொருத்தியும், "வெளிய விடாதீங்க டீச்சர்" என்றாள். தொரையும், "எதுக்கு வம்பு? படுக்கவைங்க" என்று சொல்லி அனுப்பினார். பேச்சியம்மாள் முத்துவைக் கிரீச்சுக்கு அனுப்பவே இல்லை. கேன்டீனில் ஒரு மூலையில் பலகை போட்டு உட்காரவைத்தாள்.

ஒருநாள் மாரியம்மாள் வேலை முடிந்து, காலி கூடையோடு கிரீச்சு வாசலில் வந்து நின்றாள்.

"ஓட விட்டதாலயா டீச்சர்?" என்றாள்.

"இல்லம்மா. சத்தியமா அதனால இல்ல."

"அப்ப எதனால?"

பசியால் என்று சொன்னால், அவள் சோறு போடவில்லை என்று ஆகிவிடும். அவள் தன் சோற்றைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு பால் இல்லாத வெறும் கட்டஞ்சாயாவோடு மலை ஏறுகிறவள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் விடவில்லை. மழை விட்டதும் ஆபீஸுக்குப் போய்த் தொரையிடம் சத்தம் போட்டார். கடலையும் பயறும் வந்து சேர்ந்தன. செல்லக்கனி செத்த பிறகுதான் வந்தன.

பிறகு

வேறு தோட்டங்களிலும், கடைசியில் அங்கன்வாடியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். முத்து ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்ததாகவும், கல்யாணம் ஆனதாகவும் கேள்விப்பட்டேன். முப்பது வயதைத் தாண்டுவதற்குள் சர்க்கரை வியாதி. கால் விரலில் தொடங்கி முழங்கால் வரை வெட்டி எடுத்தார்கள். நாற்பதைப் பார்க்காமலே போய்விட்டான்.

துக்கம் கேட்கப் போனேன். பேச்சியம்மாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மொத ரெண்டும் மெலிஞ்சே போச்சு. இவன் தீனியில போனானாம், டாக்டருங்க சொல்லுதாங்க. நான் எப்பிடித்தான் புள்ள வளத்திருக்கணும் டீச்சர்?" என்றாள்.

"உங்க தப்பு இல்லம்மா" என்றேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது அங்கன்வாடிக்கு வருகிற இளம் டீச்சர்கள் சார்ட்டைக் காட்டி, இந்தப் பிள்ளைக்கு எடை கூட, அந்தப் பிள்ளைக்கு எடை குறைவு என்று அம்மாக்களிடம் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அதற்கு முன்னால் அந்த அம்மாவை உட்காரவைத்து, அவள் வீட்டில் எந்தப் பிள்ளை எப்படிப் போனது என்று கேளுங்கள். கேட்டபிறகு, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பானையில் ஒரே சாப்பாட்டைச் சமைத்துப் போடுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து ஓட விடுங்கள். ஒரு பிள்ளை பசியோடு இருக்கிற இடத்தில், இன்னொரு பிள்ளையின் அம்மாவிடம் தீனியைக் குறை என்று சொன்னால் அவள் கேட்கமாட்டாள். கேட்கவும் முடியாது.